ராவி எடுத்த கோடு

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். பேருந்தில் கம்பியைக் கைக்குட்டை வைத்துத்தான் பிடிப்பேன். அடுத்தவர் காதில் வைத்த போனை என் காதில் வைக்க மாட்டேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "சுத்தமா ஒருத்தனும் கிடைக்கல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பட்டறையில் எனக்குச் சுத்தக்காரி என்று பெயர். வேலையை வைத்து வந்த பெயரா, குணத்தை வைத்து வந்த பெயரா என்று கேட்டால் இரண்டும்தான்.

நாங்கள் செய்வது மாடல்கள். கிரேன், ரோடு ரோலர், மண் அள்ளும் எந்திரம், லாரி. நிஜத்தில் இருபத்தைந்து அடி இருப்பது எங்கள் மேஜையில் ஒரு அடி. எந்திரம் விற்கிற கம்பெனிகள் வாங்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி ரப்பர் அச்சில் ஊற்றுவது ஊத்துக்காரர் வேலை. அச்சு என்பது இரண்டு பாதி. இரண்டும் சேரும் இடத்தில் உலோகம் பிதுங்கி வெளியே வந்து நிற்கும். அதைப் பிசிறு என்போம். பிசிறைப் பிய்த்து எறிந்தாலும், பாதியும் பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று துண்டைச் சுற்றி நீளவாக்கில் ஓடும். அந்தக் கோட்டை ஊசி அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்து, துண்டோடு துண்டைச் சேர்ப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

ஊற்றி வந்த கையோடு ஒரு துண்டைப் பார்த்தால் உங்களுக்கே குமட்டும். உலோகம் ஊற்றிய வழியில் உறைந்த காம்பு தொங்கும், காது காதாகப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், அச்சுக்குத் தூவிய மாவு மேலெல்லாம் அப்பியிருக்கும். போதாக்குறைக்கு எங்கள் ஊத்துக்காரருக்கு வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சளி. மூக்கைத் துடைத்த கையாலேயே அச்சைப் பிரித்து, துண்டை எடுத்து, "இந்தாம்மா, சூடா இருக்கு" என்று என் தட்டில் போடுவார். கருமம் கருமம். கையுறை போடாமல் நான் எதையும் தொடுவதில்லை என்றால், அதற்குக் காரணம் ஈயம் மட்டும் இல்லை.

ஆனால் ஒன்று. ராவி முடித்து, கழுவி, விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போது எங்கே அச்சு சேர்ந்தது என்று ஊற்றியவருக்கே தெரியாது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மீதி எல்லாக் கண்றாவியையும் சகித்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தார் தங்கச்சி வீட்டுக்காரர்.

கிரேன் ஓட்டுகிறவர். தொழிலைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது டன்னை முட்டையை வைப்பது போல இறக்கி வைப்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மனிதர்! வண்டிச் சாவியால் காதைக் குடைவார், குடைந்ததைப் பார்ப்பார், பார்த்துவிட்டு ஜன்னல் திரையில் துடைப்பார். டீயை உறிஞ்சினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். சாப்பிட்டு எழுந்ததும் பல் இடுக்கை நாக்கால் துழாவி 'ப்ச், ப்ச்' என்று ஒரு சத்தம். நகத்துக்குள் கிரீஸ், கழுத்து மடிப்பில் கிரீஸ். ஒரு தடவை என் துண்டை எடுத்து முகம் துடைத்தார். அந்தத் துண்டை அன்றைக்கே தரை துடைக்கப் போட்டேன். அவர்கள் இருப்பது என் வீட்டுப் பின்பகுதியில்தான். லீவு நாள் சாப்பாடு என் சமையலறையில். தங்கச்சிக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து வருடமாக.

போன மழைக்காலத்தில் அவர் கிரேன் ஒடிந்தது.

பாரத்தோடு நீட்டியிருந்த கை, அதாவது பூம், அடியில் முறிந்து சரிந்தது. கீழே நின்ற ஒருவருக்கு ஒரு கால் போனது. கிரேன் வைத்திருந்த கம்பெனி என்ன சொன்னது என்றால், ஓட்டுநர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினார், அதனால் முறிந்தது. இவர் என்ன சொன்னார் என்றால், பூமின் அடித்துண்டில் இடது பக்கம் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, அதைக் கம்பெனி ஒட்டுப்போட்டு வெல்டு வைத்து ஓட்டச் சொன்னது, அந்த வெல்டுதான் விட்டுவிட்டது. வெல்டைக் காட்டலாம் என்றால் கிரேன் இல்லை. ஒரே வாரத்தில் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இவர் கையில் போட்டோ கிடையாது, காகிதம் கிடையாது. அரசாங்கத்தில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அதில் தப்பு இவர் பக்கம் என்று முடிவானால் லைசென்ஸ் போகும், பின்னாலேயே போலீஸ் கேஸும் வரும்.

தங்கச்சி என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "லைசென்ஸ் போச்சுன்னா அவருக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா. ஜெயிலுக்கும் போகணும்னு சொல்றாங்க. ஒருத்தர் காலை எடுத்துட்டோம்னு ஏற்கெனவே ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கறாரு."

கிரேன் ஓட்டுநர் சங்கத்து வக்கீல்தான் அந்த யோசனையைச் சொன்னார். விசாரணை அதிகாரிக்குக் கிரேனைப் பற்றி என்ன தெரியும்? வாயால் சொன்னால் ஏறாது. கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒன்று செய்து, வெல்டு எங்கே இருந்தது, பூமை எந்தக் கோணத்தில் தூக்கினால் பாரம் எங்கே இறங்கும் என்று காட்ட வேண்டும். அதே வகைக் கிரேன் எங்கள் பட்டறையில் வழக்கமாகச் செய்கிற மாடல்தான். நான் முதலாளியிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, செய்ங்க. அடித்துண்டுக்கு மட்டும் புது மாதிரி, புது அச்சு. மத்ததெல்லாம் இருக்கறதே போதும்" என்றார்.

ஆக, அந்த வேலைக்கு ஏற்பாடு செய்தவளே நான்தான். இதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாதிரிக்காரரிடம் அங்க அடையாளம் சொல்ல இவர் பட்டறைக்கு வந்தார். மாதிரிக்காரர் என்பவர் அச்சு எடுப்பதற்கான முதல் துண்டைச் செதுக்குகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு பேரும் மூன்று நாள் மூலையில் உட்கார்ந்து குனிந்தபடி என்னவோ அளந்துகொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாரே! வாசலில் அத்தனை பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. அவர் நடந்த வழியெல்லாம் தாரும் மண்ணும். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனதைப் பார்த்து ஊத்துக்காரர் தும்மித் தும்மிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் கிளம்புகிற நேரத்தில் என் மேஜைக்கு வந்தார். வந்தவர் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் ஸ்டூலில்! குனிந்து, முகத்துக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, அந்த அடித்துண்டுல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். மத்தியானம் தின்ற வெங்காய வாடை முகத்தில் அடித்தது. காலடியில் இருந்த மிதியை அழுத்தினேன்.

மிதியை அழுத்தினால் துளைபோடுகிற மோட்டார் ஓடும். அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கையில் துளைக்க ஒன்றும் இல்லை. சும்மா ஒரு காம்பை எடுத்து வைத்துக்கொண்டு துளைத்தேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கையால் குறுக்கே ஏதோ காட்டினார். நான் தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். நான் ஸ்டூலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

மறுவாரம் ஊத்துக்காரர் புது அடித்துண்டில் மூன்று ஊற்றிக் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான்; மூன்று ஊற்றினால் ஒன்றாவது தேறும். நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உருக்குகிற சட்டியில் நானே போட்டேன். எடுத்ததை விளக்கடியில் திருப்பினேன். நீளவாக்கில் ஓடுகிற கோடு வழக்கம்போல இருந்தது. அதோடு இடது கன்னத்தில், குறுக்கே, இன்னொரு கோடு.

ஒரு நெல் நீளம் இருக்கும். சொரசொரவென்று, கொஞ்சம் வளைந்து, நடுவில் தடித்து. அசிங்கமாக இருந்தது.

எந்த அச்சும் குறுக்கே கோடு விடாது. இது முதல் மாதம் வேலைக்கு வந்தவளுக்கே தெரியும். பத்தொன்பது வருடம் ராவியவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து கையை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம்தான். இந்தத் துண்டுக்கு மட்டும் எதற்காகப் புது அச்சு என்பது அந்தக் கோபத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. இந்தத் துண்டை நூறு நூறாக ராவியிருக்கிறேன். இந்த இடம் எப்போதும் வழவழவென்று இருக்கும்.

"ரப்பர்ல கத்தியைப் போட்டு இழுத்துட்டீங்களா? புது அச்சு! காய் நறுக்கற பலகைன்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன்.

ஊத்துக்காரர் மூக்கை உறிஞ்சினார். "ஊத்தறதுதாம்மா நம்ம வேலை. வந்தது வந்ததுதான்."

"வந்தது வந்ததுதானாம்! பின்னால சுத்தம் பண்ண ஒருத்தி இருக்கால்ல, அந்தத் தைரியம்."

அரத்தை எடுத்தேன். நாலு இழுப்பில் தடிப்பு போனது. இன்னும் ஆறு இழுப்பு. மூன்று விதமான உப்புத்தாள். கடைசியில் விரலை வைத்தால் ஒன்றும் தட்டவில்லை. எனக்கு ஆத்திரம் தீர்ந்தது.

அதற்குப் பிறகு செய்தது நிஜமாகவே நல்ல வேலை. அந்த உலோகத்தில் சாதாரணச் சூட்டுக்கோலை வைத்தால் துண்டே உருகி ஓடிவிடும். அதனால் வெந்நீர்ச் சூட்டுக்கே இளகுகிற தனி ஈயம் ஒன்று வைத்திருக்கிறோம். ஈயம் பிடிப்பதற்கான திராவகத்தைத் தொட்டு வைத்து, அடித்துண்டையும் பூமையும் சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தேன். வழிந்ததைச் சுரண்டி, திராவகம் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மூன்று தண்ணீரில் கழுவினேன். மனிதரைப் பிடிக்கவில்லை என்றால் என்ன, தங்கச்சி முகத்துக்காகச் செய்தேன். மஞ்சள் பெயின்ட் அடித்து வந்ததும் முதலாளி கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் நீங்க செஞ்சதுலயே இதுதான் சுத்தம்" என்றார். பெருமையில் அன்றைக்கு இரண்டாவது டீ குடித்தேன்.

விசாரணை அன்று காலைதான் மாடலைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். வழியில் குலுங்கி ஏதாவது கழன்றால் ஒட்டிக் கொடுக்க, பையில் பசையும் கூட வைத்திருந்தேன். பழைய கட்டடம், இரண்டாவது மாடி, நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கம்பெனி வக்கீல். அந்த மனிதரைப் பார்த்ததும், உள்ளதைச் சொல்கிறேன், என் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு இல்லை. நகம் பிறை பிறையாக வெட்டியிருந்தார். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இப்படி அல்லவா இருக்க வேண்டும் மனிதர் என்று நினைத்தேன். எதிரே நம்மவர், சட்டைக் காலரில் எண்ணெய், மேஜை மேல் முழங்கை. பின்வரிசையில் தங்கச்சி.

சங்கத்து வக்கீல் பெட்டியைத் திறந்து மாடலை மேஜையில் வைத்துப் பேச ஆரம்பித்தார். பூமை உயர்த்திக் காட்டினார், இறக்கிக் காட்டினார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் வெல்டுக்கு வருவதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்தார். கைக்குட்டையை எடுத்து, அதால் பிடித்து மாடலைத் தூக்கினார்.

"இது உங்க தரப்பு செஞ்ச மாடல்தானே?"

"ஆமாங்க" என்றார் தங்கச்சி வீட்டுக்காரர்.

"மூணு நாள் நீங்களே பக்கத்துல உக்காந்து, நீங்க சொன்னபடிதான் செஞ்சாங்க. இல்லையா?"

"ஆமாங்க."

"அடித்துண்டுல இடது பக்கம் குறுக்கே வெல்டு இருந்துச்சுன்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. எனக்குக் கண்ணு சரியில்லை போல. கொஞ்சம் காட்டறீங்களா?"

அவர் எழுந்து போனார். குனிந்து பார்த்தார். கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

குறுக்கே. இடது பக்கம். நெல் நீளம். மோட்டார் சத்தத்தில் அவர் கையால் காட்டியது.

"இருந்துச்சுங்க" என்றார் அவர். "செய்யறப்ப விட்டுப்போயிருக்கும்."

"விட்டுப்போச்சா? இல்ல, வெல்டுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா? மேடம், இவரோட சொந்த மாடலே இவர் சொல்றதை ஒத்துக்கல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தங்கச்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். 'அந்தா உக்காந்திருக்காளே, அவதான் அழிச்சா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஒரு நொடிப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"மேடம், அந்தக் கோடு இருந்துச்சு. நான்தான் ராவி எடுத்துட்டேன்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

சொன்னேன். பிசிறு என்றால் என்ன, கோடு என்றால் என்ன, குறுக்கே இருந்ததை அழுக்கென்று நினைத்து எப்படி ராவினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது வருட வேலைக்காரி, கத்துக்குட்டி கூடச் செய்யாத தப்பைச் செய்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லும்போது உடம்பெல்லாம் எரிந்தது.

"வேற துண்டு இருக்கா?"

"ரெண்டு இருந்துச்சு. நானே உருக்கப் போட்டுட்டேன். அச்சு இருக்கு மேடம். ரெண்டு தெரு தள்ளித்தான் பட்டறை."

போன் போட்டேன். கால் மணியில் ஊத்துக்காரர் தும்மிக்கொண்டே அச்சோடு வந்து சேர்ந்தார். அதிகாரி ரப்பரைத் தன் கையாலேயே வளைத்துப் பிரித்துப் பார்த்தார். குறுக்கே பள்ளம் தெளிவாக இருந்தது. சங்கத்து வக்கீல் முகத்தில் உயிர் வந்தது.

கம்பெனி வக்கீல் அசரவில்லை. "மேடம், இந்த ரப்பரை நேத்து ராத்திரி கூடச் செஞ்சிருக்கலாம். அதை விடுங்க. இந்த அம்மா யாருன்னு கேட்டீங்களா? இவரோட மனைவிக்குக் கூடப் பொறந்த அக்கா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாடலுக்கு ஏற்பாடு பண்ணினதும் இவங்கதான். மாட்டிக்கிட்டதும் 'நான்தான் அழிச்சேன்'னு எழுந்திருச்சு நிக்கறாங்க. சொந்தக்காரங்க சொந்தக்காரங்களைக் காப்பாத்தறது புதுசா என்ன?"

அதிகாரி பேனாவை மூடினார். அந்த மூடிச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் நம்பவில்லை.

"காப்பாத்தறதா?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இவரையா? எனக்கு இவரைக் கண்டாலே ஆகாது மேடம். அருவருப்பு. இவர் உக்காந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தொடைப்பேன். இவர் மொகம் தொடைச்ச துண்டைத் தரைக்குப் போட்டேன். இவர் டீ குடிக்கற சத்தம் கேட்டா எழுந்திருச்சு வெளியே போயிடுவேன். அந்தக் கோட்டைப் பத்திச் சொல்லத்தான் என்கிட்ட வந்தாரு. வாய் நாறுதுன்னு மோட்டாரைப் போட்டுட்டேன். எதிர்ல நின்னு பேசிக்கிட்டே இருந்தாரு, நான் நிமிர்ந்து கூடப் பார்க்கல. கேட்டிருந்தா அந்தக் கோடு இருந்திருக்கும். இவருக்காகப் பொய் சொல்றதா? இவருக்காக நான் ஒரு டம்ளர் தண்ணி கூட ஆசையா எடுத்துக் குடுத்தது இல்லை!"

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது உண்மையா?"

தங்கச்சி வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மேஜையில் இருந்து முழங்கையை எடுத்துக்கொண்டார்.

"உண்மைதாங்க. அக்கா வீட்டுல நான் சாப்பிட்ட தட்டை ரெண்டு தடவை கழுவுவாங்க. எல்லார் தட்டோடயும் சேர்த்து ஒரு தடவை. நாங்க பின்னாடி போனப்புறம் என் தட்டை மட்டும் எடுத்து இன்னொரு தடவை. குழாயைச் சின்னதாத்தான் திறப்பாங்க. இருந்தாலும் கேக்கும். எங்க படுக்கற இடம் அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான்." பின்வரிசைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எம் பொண்டாட்டிக்கு இது தெரியாது. சொன்னா அக்கா தங்கச்சிக்குள்ள சண்டை வரும்னு சொல்லல."

எத்தனை டன் என்று கேட்டால் பதில் சொல்வாரே, அதே குரலில் சொன்னார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். குழாயை அவ்வளவு சின்னதாகத் திறந்ததே யாருக்கும் கேட்கக் கூடாது என்றுதான். பத்து வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எனக்கு என்னைக் கண்டே குமட்டியது. இந்த மாதிரி ஒரு அழுக்கை நான் எந்தத் துண்டிலும் பார்த்ததில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். கம்பெனி வக்கீலைப் பார்த்து, "இதை யாரும் சொல்லிக்குடுத்துப் பேச முடியாது, சார்" என்றார். மத்தியானமே தன் ஆளைக் கம்பெனிப் பட்டறைக்கு அனுப்பி, பழுதுபார்த்த வேலையை எழுதி வைக்கிற பதிவேட்டைக் கையோடு எடுத்து வரச் சொன்னார். நாலு மணிக்கு வந்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில், இடது அடித்துண்டு விரிசல், வெல்டு வைக்கப்பட்டது என்று ஒரே வரி. கீழே மேலாளர் கையெழுத்து. கம்பெனி வக்கீல் அந்தப் பக்கத்தைக் கைக்குட்டை இல்லாமலேயே இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். தப்பு ஓட்டுநர் மேல் இல்லை, லைசென்ஸில் கை வைக்க முகாந்திரம் இல்லை என்று அதிகாரி எழுதி வாசித்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். சங்கத்து வக்கீல் தங்கச்சி வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கச்சி என் பக்கமே திரும்பாமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். கூப்பிட்டேன். நிற்கவில்லை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தேன். குறுகலான படிக்கட்டு. அவர் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் நின்று, சுவரோடு சுவராக ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என் மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

"நீங்க மொதல்ல போங்கக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு நடையில், சமையலறை வாசலில், பட்டறைக் கதவில், எங்கே பார்த்தாலும் இப்படித்தான் நின்றிருக்கிறார். நான் வருகிறபோதெல்லாம் சுவரில் சாய்ந்து நிற்கிறாரே, என்ன சோம்பேறித்தனம் என்று அதற்கும் ஒரு முகச்சுளிப்பு வைத்திருந்தேன்.

இறங்கினேன். அவரைத் தாண்டுகிற படியில், அந்த நேரத்திலும், என் தோள் தானாக உள்ளே ஒடுங்கியது. அதை அவரும் பார்த்தார்.